தீவுகளை நாடிச் சென்ற பாய்மரப் படகுகள்

புயல் அடித்து ஓய்ந்த மறுநாள், நாடு முழுவதிலும் இரக்கம் பெருகுகின்றது. பணமும் பண்டமும் குவிகின்றன. ஆனால் குவிந்த பண்டம் துன்புற்றவன் வாயிலை எங்ஙனம் சென்றடைகின்றது, அவன் மீண்டும் தன் தொழிலில் நிலைபெறும் வரை அவ்வுதவி தொடர்கின்றதா என்பவற்றை ஆராய்வோர் சிலரே. திருநின்றவூரில் வாழும் நமக்கு இது புறத்தார் கதையன்று. 2015ஆம் ஆண்டிலும் 2021ஆம் ஆண்டிலும் பெய்த பெருமழையில் ஏரியை அடுத்த குடியிருப்புகளில் நீர் புகுந்து நின்றதை உறுப்பினர் பலர் நேரிற் கண்டுள்ளனர். ஆதலின், கடல் நடுவேயுள்ள சிறு தீவுகளில் புயலுக்குப் பின் துயர் துடைப்புப் பணி நடைபெற்ற முறையை அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

பிஜியும் தமிழரும்

பசிபிக் பெருங்கடலில் உள்ள பிஜி நாடு முந்நூறுக்கு மேற்பட்ட தீவுகளைக் கொண்டது. அவற்றுள் ஏறக்குறைய நூற்றுப்பத்துத் தீவுகளில் மக்கள் வாழ்கின்றனர். நமக்கு அந்நாடு முற்றிலும் அயல்நாடன்று. 1879 முதல் 1916 வரை இந்தியாவிலிருந்து 60,000க்கு மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் சென்றன. வட ஆற்காடு முதலிய மாவட்டங்களைச் சேர்ந்த குடியானவர்கள் அவற்றில் ஏறிச் சென்றனர். அவர்களும் அவர்தம் வழியினரும் 1926இல் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தை நிறுவிப் பள்ளிகளையும் கோயில்களையும் வளர்த்தனர்.

அந்நாட்டை 2016 பிப்ரவரி 20ஆம் நாள் ‘வின்ஸ்டன்’ என்னும் புயல் தாக்கியது. தென் அரைக்கோளத்தில் அதுகாறும் பதிவான புயல்களுள் மிக வலியதாக அது கருதப்படுகின்றது. காற்றின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 280 கிலோமீட்டரை எட்டியது. 44 பேர் மாண்டனர். ஏறக்குறைய 40,000 வீடுகள் சிதைந்தன அல்லது பழுதுற்றன. கிழக்கேயுள்ள வனுவா பலவு, நடுவிலுள்ள கோரோ முதலிய தீவுகளில் கிராமங்கள் பல தரைமட்டமாயின. பெருந்தீவான விதி லெவுவின் வடபகுதியில் ராக்கிராக்கி என்னும் கரும்பு வட்டாரமும் பெருஞ்சேதமுற்றது. அங்கிருந்த பெனாங் சர்க்கரை ஆலை சிதைந்து, பின்னர் மூடப்பட்டே போயிற்று. அவ்வட்டாரக் கரும்பு வேறு ஊர் ஆலைக்குச் செல்ல வேண்டியதாயிற்று.

பெருங்கப்பலும் சிறுபடகும்

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் கடற்படைக் கப்பல்கள் விரைந்து வந்து அரும்பணி ஆற்றின. இந்தியாவும் விமானத்தின் மூலம் நிவாரணப் பொருள்களை அனுப்பியது. எனினும் தீவுகளுக்கே உரிய இடையூறு ஒன்று உண்டு. அவற்றைச் சுற்றிலும் பவளப் பாறைகள் அரண்போல் வளைந்துள்ளன. பெருங்கப்பல் பாறைக்கு வெளியே ஆழ்கடலில்தான் நிற்க முடியும். அங்கிருந்து இறங்கு கலங்களோ ஹெலிகாப்டரோ சரக்கைக் கரை சேர்க்க வேண்டும். அக்கப்பல் ஓரிடத்தில் பல நாள் தங்கவும் இயலாது. ஐம்பது குடும்பங்கள் வாழும் கடைக்கோடிக் கிராமத்தின் முறை வருவதற்குள் நாள்கள் பல கழிந்துவிடும்.

இவ்விடைவெளியை நிரப்ப முன்வந்தவர்கள் பாய்மரப் படகினர். தம் சொந்தப் படகில் குடும்பத்துடன் உலகைச் சுற்றி வரும் கடலோடிகள் ஆண்டுதோறும் பசிபிக் தீவுகளுக்கு வருகின்றனர். நவம்பர் முதல் ஏப்ரல் வரையுள்ள புயற்பருவத்தில் அவர்களுட் பெரும்பாலோர் நியூசிலாந்து முதலிய இடங்களுக்கு ஒதுங்குவர். சிலர் பிஜியிலேயே தங்கிப் படகின் அடிப்பாகத்தைத் தரையில் தோண்டிய குழியில் இறக்கிக் கட்டிவைப்பர். அவர்களுடைய படகு ஏறக்குறைய இரண்டு மீட்டர் ஆழமிருந்தால் மிதக்கும். பாறைகளின் இடைவழியே உள்ளே நுழைந்து கிராமத்தின் எதிரே நங்கூரம் பாய்ச்சலாம். சிறு தோணியில் சரக்கை ஏற்றி மணற்கரையிலேயே இறக்கலாம். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவியும், சூரிய ஒளியால் மின்சாரம் தரும் தகடுகளும் பல படகுகளில் உண்டு. ஆதலின் துன்புற்ற ஊருக்கு அவர்கள் சுமையாவதில்லை. தம் உணவையும் நீரையும் தாமே கொண்டு செல்வர். கிணறு உப்பேறிய ஊருக்கு நன்னீரும் தருவர்.

அமெரிக்காவில் பதிவு பெற்ற ‘ஸீ மெர்ஸி’ என்னும் தொண்டு நிறுவனம் இத்தகைய படகினரை ஒருங்கு திரட்டியது. முன்னர்த் தொலைத் தீவுகளுக்குப் படகில் மருத்துவரை அனுப்பி வந்த அந்நிறுவனம், 2015 மார்ச்சில் வனுவாட்டு நாட்டைப் ‘பாம்’ புயல் தாக்கியபோது துயர் துடைப்புப் பணியிலும் இறங்கியது. அப்பட்டறிவு பிஜியில் கைகொடுத்தது. முதலில் உணவு, குடிநீர், மருந்து, தார்ப்பாய் ஆகியவை சென்றன. பின்னர் மே மாதமளவில் பருவம் மாறியதும் மேலும் பல படகுகள் வந்தன. அவற்றில் வாள், சுத்தியல், ஆணி, கூரைத் தகடு, மரம் அறுக்கும் பொறி, விதை ஆகியவை சென்றன.

கேட்டறிதலே முதற்பணி

பிஜியின் கிராமங்களில் ‘செவுசெவு’ என்னும் வழக்கம் உண்டு. வெளியிலிருந்து வருபவர் கரையிறங்கியதும் யங்கோனா என்னும் செடியின் வேரைக் கையுறையாக ஏந்தி ஊர்ப்பெரியவர் முன் அமர்ந்து, உள்ளே வர இசைவு வேண்டுவர். புயலில் வீடிழந்த ஊரிலும் இவ்வழக்கம் நின்றுவிடவில்லை. உதவி கொண்டுவந்தவரும் முதலில் வணங்கி அமர்ந்து, ஊரார் கூறுவதைக் கேட்டனர். ‘துராங்கா நி கோரோ’ எனப்படும் ஊர்த்தலைவர், எத்தனை குடும்பங்கள், எத்தனை குழந்தைகள், யாருடைய கூரை போயிற்று என்று கூறுவார். இதனால் ஒரு சடங்கே ஒரு கணக்கெடுப்பாயிற்று. பெறுபவன் இரவலன் என்ற நிலையிலிருந்து உயர்ந்து, விருந்தினரை வரவேற்கும் இல்லத்தான் ஆனான்.

கேளாது அனுப்பிய உதவியின் கதியையும் அறிதல் வேண்டும். வின்ஸ்டன் புயலுக்குப் பின் எவரும் வேண்டாமலே வந்து குவிந்த பொருள்கள் 130க்கு மேற்பட்ட சரக்குப் பெட்டகங்களை நிரப்பின என்று ஆஸ்திரேலியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆய்வு கூறுகின்றது. வெப்ப நாட்டுக்குக் கம்பளி உடைகளும், வீடிழந்தவர்க்கு உயர்குதி காலணிகளும் வந்தனவாம். துறைமுகத்தில் அவை இடத்தை அடைத்துக்கொள்ள, தேவையான சரக்கு காத்து நின்றது. நம் நாட்டிலும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினக் கடற்கரைச் சாலைகளில் எவரும் தொடாத பழந்துணிகள் மலைபோல் கிடந்தன. நெசவாளராகிய நாம் இதைச் சிந்திக்க வேண்டும். பழந்துணியை அள்ளிக் கொட்டுவதனால் ஈகை செய்த மனநிறைவு கொடுத்தவனுக்கு உண்டாகலாம். தறி நனைந்து வேலையற்றிருக்கும் நெசவாளிக்கு அதனால் ஒரு முழப் பாவு கூடக் கிடைப்பதில்லை.

கூரையும் பயிரும்

உயிரைக் காத்தபின் ஊரை எழுப்புதல் வேண்டும். பிஜி அரசாங்கம் சேதத்தின் அளவுக்கேற்ப 1,500, 3,000, 7,000 பிஜி டாலர் என மூவகைத் தொகை அட்டைகளை வழங்கியது. அவற்றைக் கொண்டு கட்டுமானப் பொருள்களை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் எல்லோரும் ஒரே காலத்தில் வாங்க முற்பட்டதால் சரக்குக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. தீவினர்க்கோ வாங்கிய தகட்டைக் கடல் கடந்து கொண்டு சேர்ப்பதே பெரும்பாடு. கையில் அட்டை இருந்தும் தலைக்குமேல் தார்ப்பாயே கூரையாக மாதக்கணக்கில் காத்திருந்தோர் பலர். இந்நிலையில் ஒரு சிறு படகு கொண்டுவரும் நான்கு பெட்டி ஆணிக்கும் மதிப்பு உண்டு.

கூரை பறந்ததன் காரணமும் அறியத்தக்கது. பலத்த காற்று கூரையின் மேல் விரைந்து செல்லும்போது அதனை மேல்நோக்கி உறிஞ்சி இழுக்கின்றது. தகட்டைப் பிடித்திருக்கும் ஆணி கழன்றால் தகடு பறக்கும். ஆணி உறுதியாக இருந்தும் கைமரம் சுவரோடு பிணைக்கப்படாவிட்டால் கூரை முழுவதுமே பெயரும். ஆகவே தகட்டைத் திருகாணியாலும், கைமரத்தைச் சுவரின் மேல் உத்தரத்தோடும் உத்தரத்தைத் தூணோடும் இரும்புப் பட்டையாலும் பிணைத்து, தூணை அடித்தளத்தில் ஊன்ற வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் பயனில்லை. மறுகட்டுமானத்தில் இம்முறையைக் கிராமத்தார்க்குக் கற்பிப்பது முக்கியமான பணியாயிற்று. கற்றவர் அடுத்த வீட்டைத் தாமே கட்டுவர்.

பயிர்த்தொழிலிலும் காலக்கணக்கு உண்டு. தீவினர்க்குப் பணம் தரும் யங்கோனா முதிர மூன்று ஆண்டுகளுக்குக் குறையாது. புதிதாக வைத்த தென்னை காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அன்றாட உணவாகிய சேப்பங்கிழங்கு வகை விளைய ஏழு முதல் பத்து மாதங்கள் ஆகும். ஆகவே நான்கு மாதங்களில் பலன் தரும் சர்க்கரைவள்ளியும், சில வாரங்களில் தளிர்க்கும் கீரையும் காய்கறியும் முதலில் வேண்டும். ஒரு மூட்டை அரிசி ஒரு மாதத்தில் தீரும்; ஒரு பொட்டலம் விதை அடுத்த பருவத்துக்கும் விதை தரும்.

படகினர் சென்ற பின்

இத்தொண்டுக்கும் எல்லை உண்டு என்பதை மறைத்தல் கூடாது. சிறுபடகில் ஏறும் சரக்கு சிறிதே. படகினர் காற்றையும் பருவத்தையும் சார்ந்தவர்கள். அடுத்த புயற்பருவம் நெருங்கியதும் பாய் விரித்துச் சென்றுவிடுவர். அதன்பின் ஊரைத் தாங்கி நிற்பது எது? பிஜி மக்களிடையே ‘சோலேசோலேவாக்கி’ என்னும் கூட்டுழைப்பு முறை தொன்றுதொட்டு நிலவுகின்றது. ஊரார் எல்லோரும் சேர்ந்து இன்று ஒருவன் வீட்டையும் நாளை மற்றொருவன் வீட்டையும் கூலியின்றிக் கட்டுவர். தோட்டத்தையும் அவ்வாறே திருத்துவர். பெயர்தான் புதிது, பொருள் நம் கூட்டுறவேயாகும். வெளியார் உதவி ஊரின் இவ்வுழைப்போடு இணைந்த இடத்தில்தான் அது வேர் கொள்ளும்.

ஊர் மீண்டும் எழாவிடில் நேர்வது யாது என்பதற்கு நம் தனுஷ்கோடியே சான்று. 1964 டிசம்பரில் வீசிய புயலுக்குப் பின் அது மக்கள் வாழத் தகாத இடமென அறிவிக்கப்பட்டது. புகைவண்டி நிலையமும் துறையும் கோயிலும் கொண்டு விளங்கிய ஊர், இன்று இடிந்த சுவர்களாகக் காட்சி தருகின்றது.

நம்மிடையே உள்ள கடலோடிகள்

இத்தகைய தொண்டர்களைத் தேடி நாம் பசிபிக் வரை செல்ல வேண்டுவதில்லை. 2015 டிசம்பரில் சென்னை நகரத் தெருக்கள் ஆறாக ஓடியபோது, கடற்கரைக் குப்பங்களின் மீனவர் தம் படகுகளைக் கொண்டுவந்து மாடிகளில் தவித்தவரை மீட்டனர். 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, மீனவர் தம் படகுகளை லாரிகளில் ஏற்றி உள்நாட்டுக்குச் சென்றனர். 650க்கு மேற்பட்ட படகுகள் பணியாற்றின. ஏறக்குறைய 65,000 பேர் மீட்கப்பட்டனர். மதிற்சுவரிலும் மரத்திலும் மோதிப் பல படகுகள் பழுதுற்றன. மீனவனுக்குப் படகு எதுவோ அதுவே நெசவாளிக்குத் தறி. அதைப் பிறருக்காக இடருக்கு உட்படுத்துவது எளிய செயலன்று. நம் மாவட்டத்திலேயே பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களில் நீரின் போக்கறிந்த படகோட்டிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர்.

சங்கம் செய்யத்தக்கவை

ஐப்பசி பிறக்குமுன் நம் சங்கம் செய்யத்தக்கவை சில உள. உறுப்பினர் வீடுகளுள் தாழ்ந்த பகுதியில் உள்ளவை எவை, முதியோரும் கைக்குழந்தைகளும் எங்கே உள்ளனர் என்னும் பட்டியல் ஒன்றை எழுதி வைத்தல் முதலாவது. குழித்தறியின் குழியில் நீர் புகுந்தால் மரம் ஊறும், அச்சும் விழுதும் கெடும், பாவு அழுகும். ஆதலின் நூலையும் பாவையும் உயர்த்தி வைக்கச் சங்கக் கட்டடத்தில் பரண் ஒன்று அமைத்தல் இரண்டாவது. குறுகிய காலக் கீரை, காய்கறி விதைகளை ஈரம் புகாத கலத்தில் சேமித்தல் மூன்றாவது. படகு வைத்திருக்கும் கரையோர ஊர்களின் கூட்டுறவுச் சங்கங்களோடு முன்கூட்டியே தொடர்பு கொண்டு, அழைத்தால் வருவோர் யார், அவர் படகுக்குச் சேதம் நேரின் ஈடு செய்வது எங்ஙனம் என்று பேசி முடித்தல் நான்காவது. பிற ஊருக்கு நாம் உதவ நேரின், அவ்வூரார் கேட்ட பொருளை மட்டுமே அனுப்புவது என உறுதி கொள்ளுதல் ஐந்தாவது.

நம் ஊரின் பூசலார் நாயனார் வரலாற்றை அறியாதார் இலர். கையில் பொருளின்றியும், கல்லும் மரமும் கொணர்ந்து, தச்சரையும் சிற்பியரையும் அமர்த்தி, நாளும் குறித்து, உள்ளத்திலேயே கோயிலை முறைப்படி எழுப்பிய பெரியார் அவர். எப்பொருள், எவர் உழைப்பு, எந்நாளில் என்று எண்ணிப் பார்க்கும் அம்முறைமை நமக்கும் வேண்டும். புயல் வருமுன்னரே மனத்திலும் ஏட்டிலும் ஊரை ஒருமுறை கட்டிப் பார்த்த சங்கமே, புயலுக்குப் பின் அதை மண்ணிலும் விரைந்து கட்டவல்லதாகும்.