கொடைக்கானலில் சைக்கிள்: சாலை காலியாக இருக்கும் நேரம் எது?

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஒரு தடவையாவது சைக்கிள் ஓட்டணும் என்ற ஆசை நம்மில் நிறைய பேருக்கு உண்டு. ஆனால் மே மாத ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே போய் நின்றால், தண்ணீரைவிட கார்கள்தான் அதிகமாகக் கண்ணில் படும். ஹாரன் சத்தம், புகை, நடுவில் புகுந்து வரும் குதிரைகள். குழந்தையை சைக்கிளில் ஏற்றவே பயமா இருக்கும். அதே சாலைக்கு ஒரு சாதாரண புதன்கிழமை காலை 6.30 மணிக்குப் போங்க. நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு சிலரும், தண்ணீர் மேல் நகரும் பனிமூட்டமும்தான் இருக்கும்.

மோட்டார் வண்டியே வராத நீண்ட சைக்கிள் பாதை கொடைக்கானலில் இல்லை. ஆனா வண்டி குறைவான நேரம் உண்டு, வண்டி குறைவான சாலையும் உண்டு. அதைக் கையில் உள்ள போனை வைத்தே கண்டுபிடிக்கலாம். எப்படின்னு பார்ப்போம்.

ஏரிச் சாலையில் இருந்து தொடங்குங்க

கொடைக்கானல் ஏரி இயற்கையாக உண்டானது இல்லை. 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச் என்பவர் ஓடையைத் தடுத்து உருவாக்கியது. பரப்பு சுமார் 60 ஏக்கர். சுற்றி ஓடும் சாலை ஏறக்குறைய 5 கி.மீ. பெரிய ஏற்றம் இல்லாததால் புதிதாக ஓட்டுபவர்களுக்கும் சரிப்படும். மெதுவாக, மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் போனால்கூட 25 நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

ஏரிக்கரையிலேயே வாடகை சைக்கிள் கிடைக்கும். இரண்டு பேர் மிதிக்கும் டபுள் சைக்கிளும் உண்டு. காசு கொடுக்கும் முன்னாடி மூணு விஷயம் பாருங்க: இரண்டு பிரேக்கும் பிடிக்குதா, டயரில் காத்து இருக்கா, மணி அடிக்குதா. ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்பதையும் முதலிலேயே கேட்டுக்குங்க. அதிகாலையில் ஓட்ட நினைத்தால், கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று முதல் நாள் மாலையே விசாரிப்பது நல்லது. வாடகை சைக்கிளை ஏரிச் சாலையோடு நிறுத்திக்குங்க. மலை இறக்கத்தில் அதை நம்பி இறங்க வேண்டாம்.

எந்த நாள், எந்த நேரம்?

ஏப்ரல் முதல் ஜூன் வரை முதல் சீசன். செப்டம்பர், அக்டோபரில் இரண்டாம் சீசன். தொடர் விடுமுறை வரும் வார இறுதிகளும் இதே கணக்குதான். இவற்றைத் தவிர்த்து, செவ்வாய் முதல் வியாழன் வரை ஒரு நாளைத் தேர்ந்தெடுங்க. இங்கே சூரியன் உதிப்பது ஆண்டு முழுக்க ஏறக்குறைய 6 மணிக்கும் 6.45 மணிக்கும் இடையில். விடிந்ததில் இருந்து 8.30 மணி வரைதான் சைக்கிளுக்கு ஏற்ற நேரம். அதுக்கப்புறம் விடுதிகளில் இருந்து வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிடும்.

போனில் உள்ள வரைபடச் செயலியில் போக்குவரத்து நிலவரத்தைத் திறந்து பாருங்க. சாலை பச்சையாக இருந்தால் தாராளமாகப் போகலாம், சிவப்பாக இருந்தால் நெரிசல். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, நீங்க ஓட்ட நினைக்கும் அதே நேரத்தில் இரண்டு மூன்று நாள் பார்த்து வைத்தால் ஒரு தெளிவு கிடைத்துவிடும்.

காரில் வருவதா, பஸ்ஸில் வருவதா?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடை சீசனில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: கொடைக்கானலுக்கு வார நாட்களில் ஒரு நாளைக்கு 4,000 வாகனம், வார இறுதியில் 6,000. வரம்பும் விதிகளும் மாறக்கூடியவை. அதனால் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் இணையதளத்தில் சரிபார்த்துக்குங்க.

விண்ணப்பிப்பது சுலபம். தமிழ்நாடு மின் ஆளுமை முகமையின் இ-பாஸ் இணையதளத்துக்குப் போய், செல்போன் எண்ணைப் பதிந்து, வரும் ஓடிபியைக் கொடுங்க. வாகன எண், பயணிகள் எண்ணிக்கை, வரும் தேதி, தங்கும் இடம் போன்ற விவரங்களை நிரப்பினால் பாஸ் கிடைக்கும். அதை போனிலேயே சேமித்து வைத்து சோதனைச் சாவடியில் காட்டலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. "நான் எடுத்துத் தர்றேன், காசு குடுங்க" என்று யாராவது சொன்னால் ஏமாறாதீங்க.

அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. மதுரை, திண்டுக்கல், வத்தலக்குண்டு, பழனியில் இருந்து பேருந்துகள் உண்டு. ஏரியைச் சுற்றத்தான் போறீங்க என்றால் பேருந்தில் வந்து வாடகை சைக்கிள் எடுப்பதே போதும். சொந்த சைக்கிளைக் காரில் கட்டிக்கொண்டு வந்தால், அந்தக் காருக்கு இ-பாஸ் வேணும்.

ஊரைத் தாண்டினால்

ஓரளவு பழகியவர்களுக்கு, ஊருக்கு மேற்கே பூம்பாறை வழியாக மன்னவனூர் போகும் சாலை இருக்கு. பூம்பாறை சுமார் 20 கி.மீ. தூரம். படிக்கட்டு வயல்களும், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டும் இந்தப் பகுதிக்குப் பெருமை. இன்னும் போனால் மன்னவனூரில் புல்வெளி நடுவே ஒரு ஏரி. ஊரை விட்டு விலக விலக வண்டிகள் குறையும். ஆனா ஏற்ற இறக்கம் அதிகம், திரும்பி வரும்போது மறுபடியும் ஏறணும். போன நேரத்தைவிட திரும்ப அதிக நேரம் ஆகும் என்று கணக்கு வைத்துக் கிளம்புங்க.

பேரிஜம் ஏரி காப்புக்காட்டுக்குள் இருக்கு. பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் ஏரி அது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. சைக்கிளுக்கு அனுமதி உண்டா என்பதை கொடைக்கானல் வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்க.

மூச்சும் பிரேக்கும்

கொடைக்கானலின் உயரம் 2,100 மீட்டருக்கு மேல். சமவெளியில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இங்கே குறையும். முதல் நாள் சீக்கிரமே மூச்சு வாங்கினால் பயப்பட வேண்டாம், இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கிட்டு நடங்க. நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிடுங்க. வத்தலக்குண்டைவிட 10 டிகிரிக்கு மேல் குளிரும் என்பதால் கையுறை அவசியம். விரல் விறைத்துப் போனால் பிரேக் பிடிக்க வராது.

இறக்கத்தில் ஒரு கணக்கை மறக்காதீங்க: வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து வண்டி நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். வளைவுக்குள் நுழையும் முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைங்க. குறுகலான மலைச் சாலையில் மேலே ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குபவர் ஒதுங்கி நிற்கணும் என்பது போக்குவரத்து விதி. மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கும். பின்பக்கம் சிவப்பு விளக்கு இல்லாமல் அந்த நேரத்தில் ஓட்டவே கூடாது.

காட்டெருமை வந்தால்?

கொடைக்கானலில் காட்டெருமைகள் ஊருக்குள்ளேயே நடமாடும். அதிகாலையில் ஏரிச் சாலையிலும் வரலாம். அமைதியான சாலையில் நீங்க வரும் சத்தம் அதுக்குக் கேட்காது என்பதுதான் சைக்கிளில் உள்ள ஆபத்து. வளைவுகளில் மெதுவாகப் போங்க. கண்ணில் பட்டால் தூரத்திலேயே நிறுத்தி, அது போகும் வரை காத்திருங்க. செல்ஃபிக்காக ஒரு அடிகூடப் பக்கத்தில் போகாதீங்க.

கிளம்பும் முன் போனில் செய்ய வேண்டியவை

• கொடைக்கானல் பகுதி வரைபடத்தைப் பதிவிறக்கம் செய்துகொள்ளுங்க. சிக்னல் இல்லாத இடத்திலும் வழி காட்டும்.
• வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை 8 மணி நேரத்துக்கு வீட்டில் ஒருவருக்கு அனுப்புங்க.
• தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியை நிறுவி, அவசரப் பொத்தான் எங்கே இருக்கு என்று பார்த்து வைங்க.
• ஆம்புலன்ஸுக்கு 108, மற்ற அவசர உதவிக்கு 112.
• குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். முழு சார்ஜோடு கிளம்புங்க.

தண்ணீருக்கு வீட்டில் இருந்தே ஒரு ஸ்டீல் பாட்டில் கொண்டு வாங்க. 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் தடை உண்டு. இந்த ஏரியில் நிரம்பி வழியும் தண்ணீர்தான் ஊருக்கு 8 கி.மீ. முன்னால் வெள்ளி அருவியாக விழுது. ஏரிக்கரையில் விடும் குப்பை அதோட கூடவே இறங்கும்.

நமக்கு இது இரண்டு நாள் சுற்றுலா. கொடைக்கானல் மக்களுக்கு இதே சாலைதான் பள்ளிக்கூடம் போகிற வழி, சந்தைக்குப் போகிற வழி. அவசர சிகிச்சைக்காகக் கீழே மதுரைக்கோ தேனிக்கோ விரையும் ஆம்புலன்ஸும் இதே மலைச் சாலையில்தான் இறங்கணும். ஒரு குடும்பம் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறினால், அந்த ஆம்புலன்ஸுக்கு முன்னால் ஒரு வண்டி குறையும். உங்க குழந்தையோட சைக்கிளுக்குப் பின்னால் ஹாரன் அடிக்கும் வண்டியும் ஒன்று குறையும்.