குறி பார்ப்பவர் ஒருவர், காற்று பார்ப்பவர் ஒருவர்

1874 செப்டம்பர் 26. நியூயார்க் நகரை ஒட்டிய கிரீட்மூர் திடல். அயர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் துப்பாக்கி சுடும் போட்டி. அணிக்கு ஆறு பேர். 800, 900, 1,000 கஜத் தூரங்களில் ஆளுக்குப் பதினைந்து பதினைந்து குண்டுகள். நடுவட்டத்தில் பட்டால் 4 புள்ளி. அயர்லாந்தின் மில்னர் சுட்ட ஒரு குண்டு பிசகாமல் நடுவட்டத்தில் பாய்ந்தது. ஆனால் அது பக்கத்து இலக்கின் நடுவட்டம். பூஜ்யம் போட்டார்கள். ஆட்ட முடிவில் அமெரிக்கா 934, அயர்லாந்து 931. அந்த நாலு புள்ளி எங்கே இருந்திருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

அமெரிக்க அணியின் கடைசிக் குண்டைச் சுட்ட கர்னல் போடைன், சற்றுமுன்தான் இஞ்சி பீர் பாட்டில் வெடித்துக் கையைக் கிழித்துக்கொண்டிருந்தார். ரத்தம் கசிந்த கையோடு நடுவட்டத்தை அடித்த அவரைத்தான் இன்றும் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு மில்னர்தான் சுவாரசியமானவர். அவருடைய கையும் தவறவில்லை, கண்ணும் தவறவில்லை. 'அது நம் இலக்கு இல்லை' என்று சொல்ல இன்னொரு ஜோடிக் கண் இருந்திருந்தால் போதும்.

அந்த இன்னொரு ஜோடிக் கண்தான் இன்றைய குழுப் போட்டியின் உயிர்நாடி. லண்டனுக்குத் தென்மேற்கே பிஸ்லி என்ற இடத்தில் 1890 முதல் போட்டிகள் நடக்கின்றன. அங்கே சுடுபவர் குப்புறப் படுத்திருப்பார். தோளில் தடித்த கோட்டு, இடக்கையைச் சுற்றி இறுக்கிய வார். துப்பாக்கியின் எடையைத் தசை தாங்கினால் நடுங்கும் என்பதால் எலும்பும் வாரும் தாங்குகின்றன. டெலஸ்கோப் கிடையாது. பின்னால் ஊசித்துளை, முன்னால் ஒரு வளையம், அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கோச் ஒரு தொலைநோக்கியில் கண் வைத்திருப்பார். திடீரென்று கை நீட்டி, படுத்திருப்பவரின் குறிகாட்டித் திருகை இரண்டு சொடுக்கு திருப்புவார். தன் துப்பாக்கியின் குறியை அடுத்தவர் மாற்றுகிறார். சுடுபவர் ஏன் என்று கேட்பதில்லை. காற்று அவர் இலாகா அல்ல.

அப்படி என்ன செய்துவிடும் காற்று? இந்தப் போட்டிகளில் வழக்கமான 155 கிரெயின் குண்டு, சுமார் பத்து கிராம், விநாடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுக் கிளம்புகிறது. 1,000 கஜத்தை, அதாவது 914 மீட்டரைக் கடக்க அதற்கு ஒன்றரை விநாடிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். விநாடிக்கு ஒரு மீட்டர் பக்கக் காற்று என்றால், ஓடையில் விழுந்த இலைபோல குண்டும் ஒன்றரை மீட்டர் விலகும் என்று நினைப்போம். விலகுவதில்லை. அரை மீட்டர்தான்.

இதன் காரணம் அழகானது. சுழன்று செல்லும் குண்டு, கோபுர உச்சியின் காற்றுகாட்டிபோல, தன் மூக்கை எதிர்வரும் காற்றின் பக்கம் மிக லேசாகத் திருப்பிக்கொள்கிறது. பக்கக் காற்று நேராக அதன் விலாவில் மோதி அதிகம் தள்ளுவதில்லை. குண்டின் வேகத்தைக் குறைக்கும் காற்றுத்தடைதான் சாய்ந்த கோட்டில் அதைப் பின்னிழுத்து ஓரமாக ஒதுக்குகிறது. ஆகவே கணக்கு எளிது: காற்றே இல்லாத வெற்றிடத்தில் ஆகும் நேரம் ஒரு விநாடி. உண்மையில் ஆவது ஒன்றரைக்குச் சற்று மேல். அந்த அரை விநாடித் தாமதத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் வந்துவிடும்.

அரை மீட்டர்தானே என்று விட முடியாது. நடுவட்டத்தின் அகலமே அரை மீட்டர் சொச்சம். நாம் நடக்கும் வேகம்கூட இல்லாத ஒரு தென்றல் வந்தாலும் குண்டு வட்டத்துக்கு வெளியே போய்விடும். ஆடிக்காற்றெல்லாம் வேண்டாம்.

பூமி சுழல்வதாலும் குண்டு சில சென்டிமீட்டர் விலகும். ஆனால் அது குண்டுக்குக் குண்டு மாறாது. முதலிலேயே குறியில் சேர்த்துவிட்டு மறந்துவிடலாம். காற்று அப்படியல்ல. திடல் நெடுக நட்ட கொடிகள் ஒவ்வொன்றும் ஒரு திசை சொல்லும். சுடுபவருக்கு அருகிலுள்ள காற்றுக்கு மதிப்பு அதிகம், தொடக்கத்தில் விழுந்த சிறு கோணம் போகப் போக விரியும் என்பதால். கொடி அசையாத மெல்லிய காற்றைக் கானல் காட்டிக்கொடுக்கும். தார்ச்சாலையில் மதியம் நெளியுமே, அதே கானல். தொலைநோக்கியில் அது ஓடை நீர்போலப் பக்கவாட்டில் ஓடினால் அந்தத் திசையில் காற்று. உலைநீர்போல நேரே மேலே கொதித்தால் பக்கக் காற்று இல்லை. சற்றுப் பொறுப்பது நல்லது, அடுத்து எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியாது.

இவ்வளவுக்கும் பிறகு கோச் செய்வது ஓர் ஊகம்தான். அந்த ஊகத்தைச் சோதிக்கும் கருவி, குண்டே. இங்கேதான் குழு என்பதன் பொருள் வருகிறது. நாடுகளுக்கு இடையிலான பால்மா போட்டியில் அணிக்குப் பதினாறு பேர். 1876-இல் அதே கிரீட்மூரில் தொடங்கியது அது. அதே 800, 900, 1,000 கஜங்களில் ஒரு சுற்று முடித்தால் புள்ளிக்குச் சேரும் குண்டு ஆளுக்கு 45, அணிக்கு 720. ஒவ்வொன்றும் புள்ளி மட்டுமல்ல, அந்த நொடியில் அந்தக் காற்றைப் பற்றிய ஓர் அளவீடு. அணி பல இலக்குகளில் பிரிந்து சுடும்; ஓர் இலக்கின் கோச் கண்டது அடுத்த இலக்கின் கோச்சுக்கும் தலைமைக் கோச்சுக்கும் போகிறது.

அளவீடு பயன்பட வேண்டுமானால் கையின் பிழையையும் காற்றின் பிழையையும் பிரித்தாக வேண்டும். அதனால் விசை விடுபட்ட கணமே சுடுபவர் தன் குறி எங்கே நின்றது என்று சொல்லிவிட வேண்டும்: 'நல்ல சூடு', அல்லது 'வலது மேல், என் தவறு'. வெட்கப்பட்டு மறைத்தால் கோச் அதைக் காற்றின் தலையில் கட்டித் திருகைத் திருப்புவார்; அடுத்த நல்ல குண்டும் கெடும். தனிப் போட்டியில் முதலிடம் பிடிப்பவர் குழுவில் சொதப்புவதும் உண்டு. காற்றைத் தானே பார்க்கும் பழக்கம் விடாது. கோச் இரண்டு சொடுக்கு வைத்தால், இவர் மனத்துக்குள் அரைச் சொடுக்கு திருத்திப் பிடிப்பார்.

பிஸ்லியின் குழுப் போட்டிகளில் ஒன்று நம் கோல்ஹாப்பூர் அரசர் வழங்கிய கோப்பைக்கானது. பிஸ்லிக்கு வருவதற்கு முன்பே, 1871 முதல் நடக்கிறது. எட்டுப் பேர்; 300, 500, 600 கஜங்களில் பத்துப் பத்துக் குண்டுகள். ஊரின் பெயரை அன்று ஆங்கிலத்தில் எழுதிய எழுத்துக்கூட்டிலேயே இன்றும் எழுதுகிறார்கள்.

குண்டு பட்டதும் குழிக்குள் இருக்கும் குறியாளர் இலக்கைக் கீழே இறக்கி, துளையில் ஒரு வில்லையைச் செருகி, மறுபடி மேலே ஏற்றுவார். மின்னணு இலக்குகள் வராத திடல்களில் இன்றும் இதே முறைதான். அந்தச் சில விநாடிகளில் சுடுபவர் அடுத்த தோட்டாவை எடுத்துக்கொண்டிருப்பார். கோச் இலக்கு ஏறி வருவதற்குக்கூடக் காத்திருப்பதில்லை. கானல் ஓட்டம் தணிந்துவிட்டதைப் பார்த்து, கை ஏற்கெனவே திருகை நோக்கி நீண்டிருக்கும்.