கொழும்பில் இருந்துகொண்டு மலை ஏறப் பழகலாமா?



எமது தோட்டங்களிலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் பலர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைகளில் நிற்கிறார்கள். அவர்களில் சிலர் எம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "ஐயா, நம்ம ஊருப்பக்கம் மலையில ஓடுற சைக்கிள் ரேஸ்ல நாங்களும் ஓடணும்னு ஆசையா இருக்கு. ஆனா கொழும்புல மேடே இல்லையே, எங்க போயிப் பழகுறது?"

நல்ல கேள்வி. அதற்கான பதிலைப் பிள்ளைகள் மட்டுமல்ல, ஊரிலுள்ள பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

இது என்ன ஓட்டம்?

மலைச் சைக்கிள் ஓட்டம் 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மலைப்பாதையில் பழைய சைக்கிள்களை ஓட்டிய இளைஞர்களால் பிரபலமானது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் சேர்த்துக்கொண்டார்கள். நீண்ட தூர ஓட்டம் என்பது வேறு வகை. நாள் முழுக்க, சில வேளை பல நாட்கள் தொடர்ந்து ஓட வேண்டும். தென்னாபிரிக்காவில் 2004இல் தொடங்கிய கேப் எபிக் போட்டியில் இருவர் ஜோடியாகச் சேர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் ஓடுகிறார்கள். எமது நாட்டின் மலைப்பகுதியிலும் 2014இல் 'ரம்பிள் இன் த ஜங்கிள்' என்ற நான்கு நாள் ஓட்டம் நடந்தது.

இப்படியான ஓட்டம் தேயிலை மலைக்குள்ளால் போகும்போது எம்மவர் பெரும்பாலும் ரோட்டோரம் நின்று பார்க்கிறவர்களாகவே இருக்கிறோம். அந்தப் பாதைகளை வெட்டியவர்கள் எமது பாட்டன் பாட்டிமார். அதில் எமது பிள்ளை ஓடுவதில் என்ன தவறு? தவறில்லை. ஆனால் முறை தெரியாமல் இறங்கினால் நட்டம் பெரிது.

ஒரு தம்பிக்கு நடந்தது

எமக்குத் தெரிந்த ஒரு தம்பி தினமும் விடியற்காலை இரண்டு மணித்தியாலம் தம் பிடித்து மிதித்தார். வயிற்றில் ஒரு பிளேன்டி மட்டும். இரவு பத்து மணிக்குத்தான் கடை பூட்டுவார்கள். படுக்கப் பன்னிரண்டு ஆகும். மூன்றாவது வாரம் கடற்கரையோரப் பாதையில் தலை சுற்றி விழுந்தார். கை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் வேலையில்லை, சம்பளமில்லை. ஊருக்கு அனுப்பும் பணமும் நின்றது. "காலு பலமாத்தான் இருந்திச்சு, உடம்புதான் கேக்கல" என்று அவர் சொன்னார்.

அவர் சொன்னதில் பாதிதான் சரி. உடம்பு கேட்கவில்லை என்பதல்ல, உடம்பு கேட்டதை அவர் கொடுக்கவில்லை. பயிற்சி செய்யும்போது தசை தேய்கிறது. தூங்கும்போதும் சாப்பிடும்போதும்தான் அது பலமாகக் கட்டப்படுகிறது. பன்னிரண்டு மணித்தியாலம் கடையில் நிற்பவருக்கு அந்த வேலையே ஒரு பயிற்சி என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மெதுவாக ஓடுவதே முதல் பாடம்

நீண்ட ஓட்டத்துக்குப் பழகுபவர் ஐந்து பங்கில் நாலு பங்கை மெதுவாகவே ஓட வேண்டும். மெதுவென்றால் எவ்வளவு? பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் கதைக்க முடிய வேண்டும். அப்படி ஓடும்போதுதான் இருதயம் ஒரு துடிப்பில் கூடுதல் இரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது. உடம்பு கொழுப்பை எரித்துச் சக்தி எடுக்கவும் பழகுகிறது. மிச்சம் ஒரு பங்குதான் கடும் பயிற்சி.

வாரத்துக்கு நாலு நாள் போதும். இரண்டு நாள் காலையில் முக்கால் மணித்தியாலம் மெதுவாக. ஒரு நாள் மேடு ஏறும் பயிற்சி. லீவு நாளில் ஒரு நீண்ட ஓட்டம், முதலில் இரண்டு மணித்தியாலம். ஒவ்வொரு வாரமும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்ட வேண்டாம். நான்காவது வாரம் குறைத்து ஓய்வு கொடுங்கள். முந்தின இரவு ஆறு மணித்தியாலம்கூடத் தூங்கவில்லையென்றால் அன்று சைக்கிளைத் தொடாதீர்கள்.

கொழும்பில் மேடு எங்கே?

வெள்ளவத்தைப் பிள்ளைகளுக்கு மெரின் டிரைவில் கடல் காற்று இருக்கிறது. மே மாதம் முதல் தென்மேல் பருவக்காற்று பலமாக அடிக்கும். எதிர்காற்றில் மிதிப்பது மேடு ஏறுவது போலத்தான், கால் விடாமல் வேலை செய்ய வேண்டும். மாடி வீடுகளின் படிக்கட்டும் இருக்கிறது. கொட்டாஞ்சேனைப் பக்கம் வுல்பெண்டால் தேவாலயம் நிற்கும் மேடு சிறியதுதான். ஆனாலும் பத்துத் தடவை ஏறி இறங்கினால் பயிற்சி ஆகும். காலி வீதியில் பஸ் ஓட்டம் தொடங்குமுன் வெளிக்கிட்டுத் திரும்புங்கள். ஹெல்மெட்டும் முன்பின் லைட்டும் கட்டாயம்.

கல் ரோட்டில் இறங்கும் வித்தையை மட்டும் கொழும்பு கற்றுத் தராது. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்கு வரும்போது தோட்டத்துப் பாதையில் பழகுங்கள். இறங்கும்போது இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் சேர்த்து மெல்ல மெல்லப் பிடிக்க வேண்டும். முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் ஆள் தலைக்கு மேலால் போய் விழுவார்.

இன்னொன்று, நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. "நான் மலையில பொறந்தவன்" என்று சொல்லி அதே வேகத்தில் போக முடியாது. இரண்டு மூன்று வருடம் கொழும்பில் இருந்த உடம்பு அதை மறந்துவிடும். முடிந்தால் சில நாள் முன்கூட்டியே ஊருக்குப் போய்விடுங்கள்.

சாப்பாடும் தண்ணீரும்

உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் மாச்சத்துச் சக்தி கடுமையாக ஓடினால் ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். அதனால் பசிக்குமுன் சாப்பிட வேண்டும். மணித்தியாலத்துக்கு இரண்டு வாழைப்பழம், அல்லது ஒரு தேங்காய் ரொட்டித் துண்டு. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். நீண்ட ஓட்டத்தில் ஒரு போத்தலில் ஜீவனி கரைத்து வைத்திருப்பது நல்லது, வியர்வையோடு உப்பும் போகிறதல்லவா?

பிளேன்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் பறிக்கும் தேயிலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. இரும்புச்சத்து குறைந்தால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்காது, மேட்டில் மூச்சு முட்டும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். பருப்பு, கீரை, நெத்தலி, அதோடு தேசிக்காய்ப் புளி சேருங்கள். பெண் பிள்ளைகள் ஓட விரும்பினால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. இது சைக்கிள் ஓடாத, கொழுந்து பறிக்கும் எமது தாய்மாருக்கும் பொருந்தும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

"வேலை செய்யப் போன இடத்துல என்ன ரேஸ்?" என்று ஏசாதீர்கள். ஒழுங்காகப் பழகும் பிள்ளை நேரத்துக்குப் படுக்கும், சாராயத்தின் பக்கம் போகாது. "சாப்பிட்டியா, தூங்கினியா?" என்று போனில் கேளுங்கள். அதுவே பாதிப் பயிற்சி.

பிள்ளைகளே, அவசரப்படாமல் ஐந்தாறு மாதம் எடுத்துப் பழகுங்கள். முதல் தடவை வெற்றிக் கிண்ணம் வேண்டாம். விழாமல், மயங்காமல் கடைசிக் கோட்டைத் தாண்டி வந்து, திங்கட்கிழமை வேலைக்கும் போனால் அதுவே வெற்றி. ரோட்டோரத்தில் நாம் நிற்போம், இந்த முறை எமது பிள்ளைக்குக் கை தட்ட.