பக்கக் காற்றுப்பையும் பின்னிருக்கைக் குழந்தையும்

மரக்காணத்தை ஒட்டி, இருபுறமும் உப்பளப் பாத்திகள் விரிய நீளும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், எதிரே வரும் வாகனத்தோடு மோதுவது மட்டுமே ஆபத்தன்று. உப்பு ஏற்றிக்கொண்டு மண்பாதையிலிருந்து சாலைக்கு ஏறும் லாரியோ, கடலோரக் குப்பங்களிலிருந்து திரும்பும் வேனோ, நேரே செல்லும் காரின் கதவுப் பக்கத்தில் இடிக்கவும் கூடும். முன்பக்க மோதலில் பானட்டுக்குள் இருக்கும் சட்டங்கள் நசுங்கி விசையைப் பெருமளவு வாங்கிக்கொள்கின்றன. பக்கவாட்டு மோதலிலோ கதவுக்கும் பயணியின் உடலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு சாண் இடைவெளியே இருப்பதால், நசுங்கி விசையை வாங்குவதற்கான உலோகமும் குறைவு, அதற்கான நேரமும் குறைவு. இந்தக் குறையை ஈடுசெய்யவே பக்கக் காற்றுப்பை உருவாக்கப்பட்டது. மோதலை உணரும் கருவி ஆணையிட்டதும் சுமார் 10 முதல் 20 மில்லி விநாடிக்குள் அது விரிந்தாக வேண்டும் என்பதால் அதன் வேகமும் கடுமையானது. அந்தக் கடுமைதான், அருகில் குழந்தை இருக்கலாமா என்ற ஐயத்தைப் பெற்றோரிடம் எழுப்புகிறது.

ஐயம் நியாயமானதே, ஆனால் அது பெரும்பாலும் தவறான இடத்தில் போய் நிற்கிறது. பக்கக் காற்றுப்பை என்ற ஒரே பெயரில் இரு வேறு கருவிகள் வழங்குகின்றன. மார்பையும் விலாவையும் காப்பது இருக்கையின் முதுகுப்பகுதி ஓரத்தில் பொதிந்திருக்கும் பை. 1990களின் நடுப்பகுதியில் வால்வோ நிறுவனம் அறிமுகப்படுத்தியது இவ்வகையே. தலையைக் காப்பது, கூரையின் ஓரச்சட்டத்துக்குள் மடித்து வைக்கப்பட்டு, சுருட்டிய பாயை அவிழ்த்துவிட்டாற்போல் கண்ணாடியை மறைத்து மேலிருந்து கீழே இறங்கும் திரைக் காற்றுப்பை. இந்தியாவில் விற்கப்படும் ஆறு காற்றுப்பைக் கார்களில் இரண்டு பைகள் முன்னே இருக்கும், இரண்டு முன்னிருக்கைகளின் ஓரத்தில் இருக்கும், மீதி இரண்டு திரைகளாக இருக்கும். எனவே பொதுவாகப் பின்னிருக்கையில் அமரும் குழந்தைக்கு அருகே விலாப் பை கிடையாது, மேலே திரை மட்டுமே உண்டு. பின்கதவோரத்திலும் விலாப் பை கொண்ட சில விலையுயர்ந்த கார்களில் மட்டும், குழந்தை இருக்கையை எங்கே பொருத்தலாம் என்பதை வாகனக் கையேட்டைப் பார்த்து முடிவு செய்தல் வேண்டும்.

அண்மையில் செய்தியான மரணங்களை இதனோடு சேர்த்துப் பார்ப்பது தெளிவு தரும். 2024இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் தாயின் மடியில் இருந்த இரண்டு வயதுக் குழந்தையும், அவ்வாண்டு டிசம்பரில் நவி மும்பையின் வாஷியில் ஆறு வயதுச் சிறுவனும், 2025 ஜூலையில் இதே கடலோர வட்டாரத்துக்கு அருகே திருப்போரூரை அடுத்த ஆலத்தூரில் தந்தையின் மடியில் அமர்ந்திருந்த ஏழு வயதுச் சிறுவனும் உயிரிழந்தனர். மூவரும் இருந்தது முன்னிருக்கை. மூன்றிலும் விரிந்தது முன்பக்கக் காற்றுப்பை. டாஷ்போர்டிலிருந்து மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வேகத்தில் எழும் அப்பை, பெல்ட் அணிந்து தள்ளி அமர்ந்த பெரியவரின் உடலளவுக்கு வடிவமைக்கப்பட்டது. மடியில் இருக்கும் குழந்தையோ பைக்கும் பெரியவருக்கும் இடையே சிக்கிக்கொள்கிறது. அமெரிக்காவில் 1990க்கும் 2008க்கும் இடையே குறைந்த வேக மோதல்களில் முன்பக்கப் பை விரிந்ததால் 290க்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்பதும், அவர்களில் பெரும்பாலோர் பெல்ட் அணியாதவர்கள் அல்லது சரியாக அணியாதவர்கள் என்பதும் அங்குள்ள அரசுப் பதிவு. பின்னோக்கி வைக்கப்படும் கைக்குழந்தை இருக்கையை, இயங்கும் காற்றுப்பைக்கு முன்னே எந்நிலையிலும் பொருத்தலாகாது என்ற விதி அந்த அனுபவத்தில் பிறந்தது.

பக்கப் பைகள் பரவத் தொடங்கியபோது அதே துயரம் மீண்டும் நேருமோ என்ற அச்சம் எழுந்ததால், அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று 2000ஆம் ஆண்டில் தனிச் சோதனை முறையை வகுத்தது. மூன்று வயது, ஆறு வயது உடலளவு கொண்ட பொம்மைகளைக் கதவில் சாய்த்தும், இருக்கையில் திரும்பி மண்டியிட வைத்தும் பையை விரியச் செய்து, கழுத்திலும் மார்பிலும் ஏற்படும் விசையை அளக்கும் முறை அது. அதாவது, நேராக அமர்ந்த குழந்தையைவிட, கதவோரம் சரிந்து கிடக்கும் குழந்தையே ஆய்வாளர்களின் கவலையாக இருந்தது. தனக்குரிய இருக்கையில் வாரிடப்பட்ட குழந்தையின் தலை, அவ்விருக்கையின் இறக்கைகளுக்குள்ளேயே நிற்பதால், திரை இறங்கும் பாதைக்கு வெளியே இருக்கிறது. தூக்கத்தில் கண்ணாடியில் தலை சாய்த்து, பெல்ட்டைத் தோளுக்குக் கீழே தள்ளிவிட்டிருக்கும் குழந்தைக்கு அந்த இடைவெளி இல்லை.

குழந்தையோடு பொருள்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். உப்பு விளையும் வெயிலில் பின்கண்ணாடிக்கு ஒரு மறைப்பு தேவைப்படுவது இயல்பே. கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012இல் தடை செய்தபின் வலைத்திரைகள் பெருகின. சட்டம் கொண்ட கெட்டியான வலைத்திரையும், கூரைக் கைப்பிடியில் ஹேங்கரோடு தொங்கும் சட்டையும், திரைக் காற்றுப்பை விரியும் வழியில் நின்றால் குழந்தையை நோக்கி எறியப்படும். முன்னிருக்கைக்கு ஓரத் தையல் திறப்பு இல்லாத சீட் கவரை இறுக மாட்டிவிட்டால் விலாப் பை வெளிவரவே தடுமாறும். ஆறு பைகளுக்குப் பணம் கொடுத்துவிட்டு இரண்டை உறையிட்டு மூடுவது விந்தையான சிக்கனம்.

குழந்தை இருக்கையின் தரத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தியத் தரமான ஏஐஎஸ் 072, ஐக்கிய நாடுகளின் 44ஆம் விதியைத் தழுவியது; அவ்விதியில் பக்கவாட்டு மோதல் சோதனை இல்லை. பின்வந்த 129ஆம் விதி அச்சோதனையைக் கட்டாயமாக்கியதோடு, 15 மாதம் வரை குழந்தை பின்னோக்கியே அமர வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே பக்க மோதலைப் பொருட்படுத்துவோர், இருக்கையின் முத்திரையில் எந்த எண் இருக்கிறது என்று பார்ப்பது பயனுடையது. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்சிஏபி மதிப்பீட்டில் ஒன்றரை வயது, மூன்று வயதுப் பொம்மைகள் குழந்தை இருக்கைகளிலேயே வைத்துச் சோதிக்கப்படுகின்றன. குழந்தைகளுக்கான நட்சத்திரங்கள் அந்த ஏற்பாட்டுக்குரியவையே அன்றி மடிக்குரியவை அல்ல.

சட்டம் இந்த அளவுக்கு நுணுகவில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயது நிரம்பாத குழந்தை சீட் பெல்ட்டாலோ குழந்தைப் பாதுகாப்பு அமைப்பாலோ பிணைக்கப்படாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. நான்கு வயதுக் குழந்தையின் கழுத்தை அறுக்கும் பெரியவர் பெல்ட்டும் அதன் கண்ணில் போதுமானதே. சென்னையிலிருந்து மரக்காணம் வழியே புதுச்சேரிக்கு ஓடும் வாடகைக் கார்களில் குழந்தை இருக்கையைக் காண்பது அரிதாகையால், குடும்பத்தினரே அதை எடுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. ஐசோஃபிக்ஸ் எனப்படும் உலோகக் கொக்கிகள் பின்னிருக்கையின் முதுகும் அடிப்பாகமும் சேரும் இடுக்கில் இருக்கும். பல வாடகைக் கார்களில் அவை உறைக்கு அடியில் மறைந்திருப்பதால், புறப்படும் முன்பே ஓட்டுநரிடம் சொல்லி உறையை விலக்கிப் பார்த்துக்கொள்வது நல்லது.