நோயாளியைக் கேட்டறிதல்



மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் வழியில் அமைந்துள்ளது எங்கள் நாலந்தா. இங்குள்ள கெடிகே என்னும் கற்கட்டடம் பௌத்த வழிபாட்டிடம். அதன் அமைப்போ தென்னிந்தியத் திராவிட முறையைச் சார்ந்தது. ஒரே கட்டடத்தில் இரு மரபுகள் கூடியுள்ளன. வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்கும் மனிதரும் இத்தகையவரே. ஒரே அடையாளத்துள் அவரை அடக்கிவிட இயலாது.

தோட்டத் தொழிலாளி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களை நாடி, தமிழகத்திலிருந்து இவ்வழியே நடந்து வந்தோரின் வழித்தோன்றல் அவள். தமிழ் மட்டுமே அறிந்தவள், நாட்கூலி பெறுபவள், பெண். "நாளை வா" என்றால் அவளுக்கு இன்னொரு நாட்சம்பளம் போயிற்று. பெண்மைக்குரிய நோயை ஆடவர் ஒருவர் மொழிபெயர்க்க வந்தால், நாணி மறைத்துவிடுவாள். மொழியும் வறுமையும் பெண்மையும் ஒன்றோடொன்று பின்னியே அவளை வருத்துகின்றன.

என் மாணவி ஒருத்தியின் தாய் காய்ச்சலுடன் வைத்தியசாலை சென்று, "மேல் வலிக்குது" என்றார். ஏட்டுத் தமிழ் கற்றிருந்த சிங்களத் தாதி, தலையையும் தோளையும் மட்டும் கவனித்தார். உடம்பு முழுவதும் நோகிறது என்பதே அத்தாய் கூறியதன் பொருள். காய்ச்சலோடு உடல்நோவு டெங்குவின் அறிகுறிகளுள் ஒன்றன்றோ? தாதியிடம் அன்புக்குக் குறைவில்லை. "எங்கே நோகிறது, தொட்டுக் காட்டுங்கள்" என்று கேட்கத்தான் தவறிவிட்டார். 1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. எனினும் சட்டம் தந்த உரிமையைக் கட்டிலருகே கொண்டுவந்து சேர்ப்பவர் தாதியே.

நியூசிலாந்தில், மாவோரி இனத்தைச் சேர்ந்த தாதி இரிஹாபெட்டி ராம்ஸ்டென் 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்னும் கருத்தை வளர்த்தார். 1992இல் அது அந்நாட்டுத் தாதியர் கல்வியில் இடம்பெற்றது. பராமரிப்பு பாதுகாப்பானதா என்று தீர்மானிக்க வேண்டியவர் அதைப் பெறுபவரே என்பது அதன் சாரம்.

சின்னம்மை கண்ட பிள்ளையின் படுக்கையில் வேப்பிலை கண்டு நகைத்தால், மறுமுறை நோயையே மறைப்பார்கள். "வேப்பிலை இருக்கட்டும், மருந்தும் தவறக்கூடாது" என்றால் செவிசாய்ப்பார்கள். ஆயினும், தமிழர் அனைவரும் மாரியம்மனை வணங்குபவர் என்று எண்ணுவதும் தவறே. தோட்டங்களிற் கிறிஸ்தவரும் உளர். முஸ்லிம் நோயாளி நோன்பு நோற்பவராயின், நீரிழிவு மருந்தின் வேளையை வைத்தியரோடு கலந்து வகுத்தல் வேண்டும். நோற்கிறாரா என்பதை அவரிடமே கேட்க வேண்டும்.

எல்லா வழக்கங்களையும் தாதியர் மனனஞ் செய்தல் இயலாது. அதற்கு அவசியமுமில்லை. "யார் உடனிருக்க வேண்டும்? மருந்துண்ண எது தடை? மீண்டும் வர வசதியுண்டா?" இம்மூன்று வினாக்களைப் பொறுமையோடு கேட்டாலே போதும், நோயாளி தாமே வழிகாட்டுவார்.