துடுப்புக்காலி வளர்ப்பு: கடல்மீன் தொட்டிக்கு ஒரு விதைப்பானை

பயிர் செய்யும் அன்பர் எவரும் விதை நெல்லை உண்ண மனம் கொள்வதில்லை. எத்துணைத் தட்டுப்பாடு நேர்ந்தாலும் விதைப்பானையைக் காப்பதே குடியானவரின் முதற் கடமை. கண்ணாடித் தொட்டியில் கடல்மீன் வளர்ப்போருக்கும் இதே நெறி பொருந்தும் என்பதை இங்கு விளக்குவோம்.

பவளப்பாறைச் சூழலைத் தொட்டியில் அமைத்து மீன் வளர்க்கும் வழக்கம் இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. அவற்றுள் நீலமும் செம்மஞ்சளும் கலந்த மாண்டரின் மீனைப் பலரும் விரும்புகின்றனர். ஆனால் இம்மீன் உலர்ந்த தீனியைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை. பாறை இடுக்குகளில் ஊரும் சிற்றுயிர்களைப் பொறுக்கியே வாழ்கிறது. புதிய தொட்டியில் அவ்வுணவு விரைவில் தீர்ந்துவிட, மீன் மெலிந்து பட்டினியால் மடிகிறது.

அச்சிற்றுயிர்களில் முதன்மையானது கோப்பிபாடு எனப்படும் துடுப்புக்காலி. இறால், நண்டு ஆகியவற்றின் உறவினமாகிய இது ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளமே உள்ளது. இதன் வகைகளுள் டிக்ரியோபஸ் கலிபோர்னிகஸ் என்பது அமெரிக்காவின் மேற்குக் கரையில், அலை தெறிக்கும் பாறைக் குழிகளில் வாழ்கிறது. வெயிலில் உப்பு மிகுந்தாலும் மழையில் குறைந்தாலும் தாங்க வல்லது. ஆகையால் வீட்டு வளர்ப்புக்கு ஏற்றது.

வளர்க்கும் முறை எளிது. 20 லிட்டர் வாளியில் 15 லிட்டர் கடல்நீர் போதுமானது. செயற்கையாகத் தயாரிப்பதாயின், குளோரின் நீக்கிய நீரில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் கடல் தொட்டிக்குரிய உப்புக் கலவையைக் கரைக்க வேண்டும். சமையல் உப்பு உதவாது. மக்னீசியம், கால்சியம் முதலியன அதில் போதிய அளவில் இல்லை. காற்றுக் குழாயைக் கல் பொருத்தாமல் விட்டு, குமிழிகள் மெதுவாக எழும்படி செய்க. வற்றிய நீரை நன்னீரால் ஈடு செய்க. நீர் ஆவியாகுமே ஒழிய உப்பு ஆவியாவதில்லை.

உணவு நுண்பாசி. நீர் இளம் பச்சையாகும் அளவே ஊற்றி, அது தெளிந்த பின்னரே மீண்டும் இடுதல் வேண்டும். அளவு மிஞ்சினால் நீர் அழுகி வளர்ப்பு முழுதும் அழியும். பூச்சிமருந்து தொட்ட வாளியையோ கையையோ அருகில் கொண்டு செல்லலாகாது. பூச்சியைக் கொல்லும் மருந்து இவ்வுயிரையும் கொல்லும். மீன் நோய்க்கு இடும் செம்பு மருந்தும் அவ்வாறே.

அறுவடைக்குச் சல்லடைத் துணி வேண்டும். நெசவாளர் அன்பர்கள் மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. கடலின் நுண்ணுயிர்களைப் பிடிக்கும் வலைகள் முற்காலத்தில் மாவு சலிக்கும் பட்டுத் துணியால் செய்யப்பட்டன. ஆலிஸ்டர் ஹார்டி என்னும் ஆங்கில விஞ்ஞானி அமைத்த கருவியைக் கொண்டு 1931ஆம் ஆண்டில் தொடங்கிய கடலாய்வில், 270 மைக்ரான் கண்ணுடைய பட்டுத் துணியே இன்றளவும் பயன்படுகிறது. நம் வாளிக்கு 150 மைக்ரான் கண்ணுடைய நைலான் துணி போதும். பெரியவை துணியில் தங்கும்; குஞ்சுகள் கீழே ஒழுகும். ஒழுகிய நீரை மீண்டும் வாளியிலேயே சேர்த்துவிட்டால் விதை அழியாது.

இரண்டு மூன்று வாரங்கள் பெருகவிட்டுப் பின்னர் வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மட்டும் சலிக்கலாம். ஆசை மிகுந்து முழுவதையும் சலித்தவர், மறுவாரம் மீனின் பசிக்கு விடை கூற இயலாது நிற்பர்.

நம் நாட்டில் பாறை அமைக்கும் பவளங்களும் கடற்குதிரைகளும் 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பது குற்றம் என்பதை ஆர்வலர்கள் மறக்கலாகாது.

இறுதியாக ஒரு விண்ணப்பம். எவ்வளவு கவனமாகக் காத்தாலும் ஒரு வாளி ஒரு நாள் கெடக்கூடும். எனவே ஒவ்வொருவரும் இரு வாளிகளைத் தனித்தனி அகப்பைகளோடு வைத்திருப்பது நன்று. அதனினும் நன்று, ஒரு குவளையைப் பக்கத்து வீட்டாருக்கு அளிப்பது. நம் விதை அழிந்த நாளில், அவர் வீட்டில் அது உயிரோடு இருக்கும். பகிர்ந்தளித்த விதையே பாதுகாப்பான விதை என்பது கூட்டுறவாளர் நன்கறிந்த உண்மையன்றோ?