மணமேடையில் மின்னும் பொன்னூல்

மலாய் அன்பர்களின் இல்லத் திருமணங்களுக்குச் சென்று வந்தோர், மணமக்கள் அமரும் ‘பெலாமின்’ என்னும் மணமேடையைக் கண்டிருப்பர். அங்குள்ள திண்டுகளிலும் விசிறிகளிலும் பொன்னிறப் பூவும் கொடியும் புடைத்து நிற்கும். இக்கைவேலைக்குத் ‘தெக்காட்’ என்று பெயர். பேராக் மாநிலத்தின் அரச நகரான கோலகங்சார் இதற்குப் பேர்பெற்ற இடமாகும்.

பலர் இதனைச் சொங்கெட் என்று எண்ணிவிடுகின்றனர். சொங்கெட், தறியில் நெய்யும்போதே பொன்னூலைச் சேர்த்து நெய்யப்படும் துணி; 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. தெக்காட்டோ, நெய்து முடிந்த வெல்வெட் துணியின்மேல் கையால் செய்யப்படும் பூவேலை.

இதன் செய்முறையைக் காண்போம். முதலில் துணியை மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டுவர். பூவின் வடிவத்தை அட்டையில் வெட்டித் துணிமேல் பொருத்துவர். முற்காலத்தில் மெங்குவாங் தாழை ஓலையும் இதற்குப் பயன்பட்டது. பொன்னூலை அவ்வடிவத்தின்மேல் இப்புறமும் அப்புறமுமாக மடித்துப் படிய வைத்து, ஒவ்வொரு மடிப்பையும் அடியிலிருந்து வரும் சாதாரண நூலால் பற்றித் தைப்பர். பொன்னூல் துணியைத் துளைப்பதில்லை.

மரத்திற்குக் காயம் படாமல் பட்டை சீவும் கைக்கு எத்துணைப் பயிற்சி வேண்டும் என்பதைத் தோட்டத்து வாசகர்கள் நன்கறிவர். இங்கும் அவ்வாறே. நூல் தளர்ந்தால் பூ கலையும். இறுகினால் துணி சுருங்கும்.

நாம் சிறுவராயிருந்த காலத்தில், அண்டைக் கம்பத்தில் திருமணத்திற்குப் பல வாரங்களுக்கு முன்பே இவ்வேலை தொடங்கிவிடும். பாட்டி தைக்க, பேத்தி அட்டையை வெட்டிக் கொடுப்பாள். நம் லயத்து வீடுகளிலும் மணமாகவிருந்த அக்காமார் தலையணை உறைகளில் கிளியும் ரோஜாவும் ‘நல்வரவு’ என்ற எழுத்தும் தைத்தனர். துணியும் முறையும் வேறாயினும், புதிய இல்லறத்திற்குத் தம் கையால் ஒன்று செய்து தரவேண்டும் என்ற அன்பு ஒன்றே.

இன்று மணமேடையை வாடகைக்கு எடுக்கலாம். இயந்திரப் பூவேலையும் எளிதில் கிடைக்கிறது. வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு இது பெரும் உதவியே. ஆயினும், பார்த்துப் பழகியே கற்கவேண்டிய இக்கலை, கற்பிப்போர் மறைந்தால் அவர்களுடனேயே மறைந்துவிடும்.

வீட்டில் பழைய பூவேலைத் துணி இருப்பின், அதைக் கரித்துணி ஆக்கிவிடாதீர்கள். ஈரம் படாமல் தூய வெள்ளைத் துணியில் சுற்றி வையுங்கள். தைத்தவர் இருக்கும்போதே உங்கள் மகளையும் மகனையும் அவரருகில் அமரச் செய்து, ஒரு பூவையாவது தைக்கப் பழக்குங்கள்.